அம்மாவின் கையும் மெத்தில் சாலிசிலேட்டும்

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கரிம வேதியியல் தொடங்கும்போது நான் மெத்திலில் இருந்துதான் ஆரம்பிப்பேன். பாடப்புத்தகத்தின் வரிசை வேறு. அந்த வரிசையில் போனால் முதல் வாரத்திலேயே பாதி வகுப்பு தூங்கிவிடும் என்பது என் அனுபவம். மீத்தேன் என்றால் நடுவில் ஒரு கார்பன், சுற்றி நான்கு ஹைட்ரஜன். அதில் ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது மெத்தில் தொகுதி. கழற்றிய இடம் காலியாக இருப்பதால் அது தனியாக நிற்காது, வேறு எதிலாவது போய் ஒட்டிக்கொள்ளும். எதில் ஒட்டுகிறதோ அதன் பெயருக்கு முன்னால் தன் பெயரையும் போட்டுக்கொள்ளும். முதல் நாள் பாடம் இவ்வளவுதான். சில ஆசிரியர்கள் இதை வைத்துக்கொண்டு நட்பு, குடும்பம், சமூகம் என்று உபதேசத்தில் இறங்கிவிடுவார்கள். எனக்கு அந்த வழக்கம் இல்லை. கார்பன் கார்பன்தான்.

நான் வேலை பார்ப்பது உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் எங்கள் வீட்டைப் போலவே நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு மெத்தில் புதிதல்ல, பெயர்தான் புதிது. மெத்திலோடு ஓ.எச். சேர்ந்தால் மெத்தனால், சாராயத்தில் கலந்து ஆளைச் சாய்ப்பது அதுதான் என்றால் வகுப்பு கப்சிப் ஆகிவிடும். கெட்டுப்போன மீன் நாற்றம் மெத்தில் அமீன்களின் கைங்கரியம் என்றால் கடைசி பெஞ்சு சிரிக்கும். பெயிண்டர் வேலைக்குப் போகிறவர்கள் சட்டையில் அடிக்கும் தின்னர் வாசனையில் டொலுயீன் இருக்கிறது, அதன் இன்னொரு பெயர் மெத்தில் பென்சீன் என்று சொன்னபோது ஒரு பெண் எழுந்து, “அப்ப எங்க வூட்ல தெனம் மெத்திலுதான் டீச்சர்” என்றாள். அவளுடைய அப்பா பெயிண்டர்.

ப்ளஸ் டூ வந்ததும் ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்வோம். சாலிசிலிக் அமிலத்தைச் சோதனைக் குழாயில் போட்டு, மெத்தனால் ஊற்றி, அடர் கந்தக அமிலம் சொட்டு விட்டு, வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும். பிறகு அதைத் தண்ணீரில் கொட்டினால் குப்பென்று ஒரு வாசனை எழும். எந்த வருஷத்துப் பிள்ளைகளாக இருந்தாலும் ஒரே குரலில் கத்துவார்கள், “டீச்சர், தைலம்!” மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் தேய்க்கிற தைலம்தான். அதன் பெயர் மெத்தில் சாலிசிலேட். சில பாட்டில்களில் இந்தப் பெயரே அச்சடித்திருக்கும், சிலவற்றில் கந்தபுரா தைலம் என்று மூலிகைப் பெயராக இருக்கும். சரக்கு ஒன்றுதான். அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன் என்று எழுதினால் உருக்கமாக இருக்கும். உண்மையில் எனக்கு அதை மோந்தால் தலைவலி வரும்.

என் அம்மா நடவு நடுகிறவள். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் அவளுடைய இதய வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு ஒன்று வைத்தார்கள். வீட்டில் மின்விசிறியை நிறுத்தினால் அவள் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்கும். எனக்கு அது பயமாக இருந்தது. அவளுக்கோ பெருமை. தெருவில் யார் வந்தாலும் காதை வைத்துக் கேட்கச் சொல்லி, “உள்ள கடியாரம் ஓடிக்கினு கீது பாரு” என்பாள்.

இந்த வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரையின் வேகம் குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் உடம்புக்குள் எங்கேயாவது கசியும், மூளைக்குள் கசிந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் குறுகலான ஓர் எல்லை இருக்கிறது. மாதா மாதம் காஞ்சிபுரத்தில் ரத்தம் கொடுத்து, எல்லைக்குள் இருக்கிறாளா என்று பார்ப்போம். ஆஸ்பிரின் வகை வலி மாத்திரை எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். கீரையைக்கூட ஒரே அளவாகத்தான் தின்ன வேண்டும். அம்மா இதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டாள். மாத்திரையை நானே என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தேறி அவள் மறுபடி நடவுச் செட்டோடு, சேர்ந்து கூலிக்கு நடும் பெண்கள் கூட்டத்தோடு, வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அதற்கப்புறம் ரத்தப் பரிசோதனையின் அளவு எல்லைக்கு மேலே ஏற ஆரம்பித்தது. பல் துலக்கித் துப்பினால் சிவப்பு. தொடையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலத் திட்டுகள். டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், அப்போதும் அடங்கவில்லை. “வேற எதுனா மருந்து சாப்பிடறீங்களாம்மா? நாட்டு மருந்து, லேகியம்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். “ஒண்ணும் இல்ல சார்” என்று அம்மாவும் ஒவ்வொரு முறையும் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் வாய்க்குள் போவது, இல்லாவிட்டால் ஊசியில் ஏறுவது. வேறு விதமான மருந்து அவளுடைய கணக்கில் கிடையாது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் வகுப்பில் சாலிசிலிக் அமிலத்தின் அமைப்பைக் கரும்பலகையில் வரைந்தேன். ஒரு பக்கம் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்தால் ஆஸ்பிரின். இன்னொரு பக்கம் மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் தைலம். வருஷா வருஷம் வரைகிற படம்தான். அன்றைக்கு வரைந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்றைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இன்னொன்றை அம்மா தினமும் முழங்காலில் பூசிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் “இன்னா ஆச்சி டீச்சர்?” என்று கேட்கும் வரை எனக்கு வகுப்பு நினைவில்லை.

டாக்டரிடம் கேட்டேன். அவர், “தோல் வழியா உள்ள போகும். அந்த மாத்திரையோட சேர்ந்து ரத்தத்தை இன்னும் இளக்கிடும். தைலம் தடவறாங்களான்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல, டீச்சர்” என்றார். நல்ல மனிதர். தன் மேல் தப்பில்லை என்று காட்டிக்கொள்ள முயலவில்லை.

அம்மாவை நம்ப வைப்பதுதான் பாடு.

“மேல பூசறது உள்ள எப்பிடிமே போவும்? நீ ஸ்கூல்ல புள்ளைங்கள ஏமாத்தற மாரி என்ன ஏமாத்தாத.”

“போகும்மா. தோலுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்குது.”

“ஓட்ட இருந்தா ஏரியில குளிக்கிறப்ப தண்ணி உள்ள போவணும் இல்ல? நான் உப்பியா கெடக்கிறேன்?”

நியாயமான கேள்விதான், பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பாட்டிலை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவள் முறைத்தாள், ஆனால் திரும்ப எடுக்கவில்லை. அதற்குப் பிறகு முழங்கால் வலிக்கு உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, என் காதில் விழும்படி முனகுவாள். அளவு கீழே இறங்கியது. மாத்திரையைப் பழையபடிக்கு ஏற்றினார்கள். ஒரு கோடைக்கும் மழைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அந்தப் பருவங்களில் மழையும் தண்ணீரும் சரியில்லாமல் நடவு ரொம்பக் குறைவு என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

பொங்கல் முடிந்து நவரைப் பட்டத்து நடவு வந்தது. பிந்திப் பெய்த மழையில் ஏரி நிறைந்திருந்ததால் காவாந்தண்டலம் வரை ஓயாமல் வேலை. ஒரு காலையில் அம்மா வாளியின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் விட்டு விட்டு இல்லாமல் ஒரே கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. துணியை வைத்து அழுத்தினேன், துணி நனைந்தது. அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு காஞ்சிபுரம் போனோம். ஊசி போட்டு, மூக்கில் பஞ்சு அடைத்து, ரத்தம் நின்றபோது மதியமாகியிருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை இவ்வளவு ஏறினா மூக்கோட நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். மறுபடி தைலம் பூசுகிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை, அவளுடைய புடவையிலேயே அந்த வாசனை இருந்தது.

“ஏசு மேல ஆணையா எங்காலுல ஒரு சொட்டு தடவல” என்றாள் அம்மா.

“அப்ப பொடவையில வாசனை எங்கேருந்து வந்துச்சு?”

“செட்டுல எல்லாரும் பூசறாளுங்க. அது ஒட்டிக்கிச்சி.”

அவள் ஆணையிட்டுப் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனாலும் நான் நம்பவில்லை. அடுத்த நாள் மாத்திரை வாங்க பஜாரில் பாயின் மருந்துக் கடைக்குப் போனபோது, என் அம்மாவுக்கு இனிமேல் தைலம் விற்க வேண்டாம் என்று சொல்லி வைக்கலாம் என்று நினைத்தேன். சொன்னதும் பாய் குழம்பிப் போய் என்னைப் பார்த்தார்.

“அது அவங்களுக்கு இல்லியேம்மா. செட்டுக்கு வாங்கினு போறாங்க. உங்க அம்மாதான் எல்லாருக்கும் தேய்ச்சி வுடறாங்கன்னு சொல்லிக்கினாங்களே. உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. நான் படித்து வேலைக்குப் போகிறவளாக இருந்ததால் நடவுச் செட்டின் மதிய நேரத்தைப் பார்த்ததே இல்லை. விசாரித்தபோது தெரிந்தது இதுதான். மதியச் சோறு தின்றதும் பெண்கள் மர நிழலில் வரிசையாகக் குப்புறப் படுப்பார்கள். காலை முழுக்கக் குனிந்தே இருந்த இடுப்பு அப்போதுதான் தன் வலியைக் காட்டும். ஒருத்தி தைல பாட்டிலோடு வரிசையாக எல்லோருடைய இடுப்புக்கும் தேய்த்துக்கொண்டே வருவாள். அவள் தேய்த்த பிறகுதான் பிற்பகல் நடவு ஓடும். அந்த ஒருத்தி என் அம்மா.

உள்ளங்கைத் தோல் தடிமன், அதன் வழியாக அதிகம் இறங்காது என்றுதான் எனக்கும் தோன்றியது. அம்மாவின் கையை எடுத்துப் பார்த்தேன். சேற்றுத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, நகத்தைச் சுற்றிப் புண். அந்தக் கையில் தைலத்தை ஊற்றி ஒரு செட்டுப் பெண்களின் இடுப்பையும் தேய்த்தால், தன் முழங்காலில் பூசுவதைவிட அதிகமாக உள்ளே போகும். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் டாக்டர்.

முதலில் ஆய்வகத்தில் இருந்து ரப்பர் கையுறை கொண்டுவந்து கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அம்மா தேய்த்ததும், “போஸ்ட்மார்ட்டம் பண்ற மாரி கீதுடி” என்று ஒருத்தி அலறி எழுந்து ஓடினாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். தைலம் பட்டதும் கையுறை வழுக்கியது, பிடி கிடைக்கவில்லை. வெறும் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொன்னேன். எரியாத எண்ணெயால் என்ன பிரயோஜனம் என்று அவர்கள் கேட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் இடுப்பு அவர்களுடையது.

“அப்போ தேய்க்காதே” என்றேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “தேய்க்கலன்னா எதுக்கு மே என்ன இட்டுக்கினு போவாங்க?”

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். நடவு ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி எடுப்பது, வரும் கூலியை எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். வரிசையாகப் பின்னால் நகர்ந்து நடும்போது ஒருத்தி தாமதித்தால் பக்கத்தில் இருப்பவள் அவளுடைய இடத்தையும் சேர்த்து நட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் மற்றவர்கள் வேகத்துக்கு நட முடியவில்லை. அவளுடைய பங்கில் பாதியை மற்றவர்கள்தான் நடுகிறார்கள். மதியம் எல்லோருக்கும் தேய்த்துவிட்டு அதை ஈடு கட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ போகவே வேண்டாம். என் சம்பளம் இருக்குதில்ல” என்றேன்.

“வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணச் சொல்ற? எந்நெஞ்சில டிக் டிக்குன்னு அடிக்கிறத கேட்டுக்கினு இருக்கட்டா?”

அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை. அவளுக்கு உயிரைப் போலவே இன்னொன்றும் பெரிதாக இருந்தது என்பது புரிந்தது, ஆனாலும் என் முடிவு மாறவில்லை.

அவள் நடவுக்குப் போவதை நிறுத்தினாள். நான் சொன்னதற்காக இல்லை. மூக்கு ரத்தத்தில் அவளும் பயந்திருந்தாள். அடுத்த மாத ரத்தப் பரிசோதனை எல்லைக்குள் வந்தது, அதற்கடுத்த மாதமும் வந்தது. டாக்டர் சிரித்தார். வீட்டில் அம்மா டி.வி.யை ஓடவிட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நூறு நாள் வேலைக்குக் கூப்பிட்டார்கள், அங்கே மரத்தடியில் உட்கார்ந்து வர அவளுக்குப் பிடிக்கவில்லை. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் என்னோடு சண்டை போட்டாள். குழம்பில் உப்பு போட மறந்தாள்.

சித்திரையில் சொர்ணவாரிப் பட்டத்து நடவு தொடங்க இருந்த சமயத்தில் ஒரு சாயங்காலம் செட்டுக்கு ஆள் கூட்டுகிற அத்தை வந்தாள். சொந்த அத்தை இல்லை. அம்மாவை அண்ணி என்று கூப்பிடுகிறவள், அதனால் எனக்கு அத்தை. டீ போட்டுக் கொடுத்தேன்.

“இன்னா அண்ணி, நீ வரலியாமே?”

“முடியலடி. நீங்க போங்க.”

“முடியாமதான் இத்தினி நாளா வந்துக்கினு இருந்த. இப்ப இன்னா புதுசா?”

“இனிமே தைலம் தொடக்கூடாதாம். டாக்டரு சொல்லிட்டாரு, இவளும் சொல்லிட்டா. தேய்க்காதவள எதுக்கு இட்டுக்கினு போவப்போற? எம்பங்க யாராச்சும் நட்டுக் குடுத்துக்கினே இருக்கணுமா?”

சேச்சே, அப்படியெல்லாம் இல்லை, நீ இருந்தாலே போதும் என்று அத்தை சொல்வாள் என எதிர்பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அவள் சொல்லவில்லை.

“நெசந்தான் அண்ணி” என்றாள். “ஒங்கைக்கோசரம்தான் இட்டுக்கினு போனேன். ஒனக்கு முயு கூலி எதுக்குன்னு ரெண்டு பேரு மொனகிக்கினு இருந்தாளுங்க. தேய்ச்சி வுட்டதும் வாய மூடிக்கினாளுங்க.”

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “அதான் நானும் சொல்றேன்” என்றாள்.

“இப்ப அது இல்ல. மறுபடி மொனகுவாளுங்க. மொனகிட்டுப் போவட்டும். காத்தால ஆட்டோ வரும், ரெடியா இரு.”

அத்தை எழுந்து, குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, அவள் காலைத் தொட வேண்டும் போலவும் இருந்தது. கொஞ்சமாக நடலாம், தைலம் மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தடுக்க எனக்கும் காரணம் இல்லை. மறுநாள் நான் எழுந்தபோது அம்மா சோற்று டப்பாவோடு கிளம்பிப் போயிருந்தாள்.

அந்த வாரம் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடித்து வண்டியில் வந்துகொண்டிருந்தேன். திருப்புலிவனம் தாண்டிச் சாலையை ஒட்டிய கழனியில் நடவு. மதியச் சோறு முடிந்திருந்தது. மர நிழலில் பெண்கள் வரிசையாகப் படுத்திருந்தார்கள். வயதில் சின்னவள் ஒருத்தி பாட்டிலை வைத்துக்கொண்டு, சப்பாத்தி மாவு பிசைவது போல ஒருத்தியின் இடுப்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். வாசனை சாலை வரைக்கும் வந்தது. அவர்களிடமிருந்து தள்ளி, வரப்பின் மேல் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“மேல இல்லடி, கீய, கீய! எலும்ப ஒட்டி அமுக்கு. ஐயோ, அப்பிடி இல்ல. கட்ட வெரலால அமுக்குடி!”

கத்திக்கொண்டிருந்தாள். நான் வண்டியை நிறுத்தினேன். அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு, அவற்றின் மேல் அழுந்த உட்கார்ந்திருந்தாள். தோள்கள் மட்டும் அந்தச் சின்னவளின் தேய்ப்போடு சேர்ந்து அசைந்தன. ஹாரன் அடித்தேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். கழனியில் இருந்து என்னைப் பார்த்தால் எப்போதும் கையை உயரத் தூக்கி ஆட்டுவாள். அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.